பதினோராம் எண் கூண்டு

(விவசாயிகள் சங்க ஊர்க் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். படித்துவிட்டுப் பக்கத்துத் தோட்டத்துக்காரரிடம் கொடுங்கள்.)

அன்பான விவசாயப் பெருமக்களே! அண்ணாச்சிமார்களே! களையெடுப்பைப் பாதியில் விட்டுவிட்டு வந்திருக்கிற தாய்மார்களே!

நான் மேடைப் பேச்சாளன் இல்லை. தாமிரபரணிக் கரையில் ரெண்டு ஏக்கர் வாழை போட்டிருக்கிற ஆள். இன்னைக்குக் கரண்டைப் பத்திப் பேசச் சொல்லியிருக்காங்க. ஆனா கடலில் இருந்து ஆரம்பிக்கிறேன், கோவிச்சுக்கிடாதீங்க.

தூத்துக்குடி துறைமுகத்தில் புயல் கூண்டு ஏத்துறதை எல்லாரும் கேள்விப்பட்டிருக்கோம். "ஒன்றாம் எண் கூண்டு ஏற்றப்பட்டது" என்று ரேடியோவில் சொல்லுவாங்க. ஒண்ணு, ரெண்டு என்றால் புயல் தூரத்தில் இருக்கு. மூணு, நாலு என்றால் துறைமுகப் பக்கமே மோசமான காத்து வரப்போகுது. அஞ்சு, ஆறு, ஏழு அபாயம். எட்டு, ஒன்பது, பத்து பெரிய அபாயம். சரி, பத்தோடு முடிஞ்சு போச்சா? இல்லை. பதினொண்ணு என்று ஒரு கூண்டு இருக்கு. அதுக்கு என்ன அர்த்தம் தெரியுமா?

வானிலை எச்சரிக்கை மையத்தோடு தொடர்பு அறுந்து போச்சு, வானிலை மோசமாகும் ஆபத்து இருப்பதாக உள்ளூர் அதிகாரி நினைக்கிறார் என்று அர்த்தம். அதாவது, "என்ன வருதுன்னு எங்களுக்குச் சொல்ல ஆள் இல்லை, நீங்களே உஷாரா இருந்துக்கிடுங்க" என்று அறிவிக்கிற கூண்டு. பேச்சு அத்துப் போனதையே ஒரு செய்தியா எடுத்துக்கிட்டு அதுக்கும் ஒரு எண் கொடுத்து வச்சிருக்காங்க!

இப்ப உங்களைக் கேட்கிறேன். நம்ம ஊரில் கரண்ட் போய், செல்போன் செத்து, ரோடு அத்துப்போனா எந்தக் கூண்டை ஏத்துவோம்? யார் ஏத்துவா? யார் பார்ப்பா?

2023 டிசம்பரை மறந்திருக்க மாட்டீங்க. 17-ஆம் தேதி பிடிச்ச மழை. பேர் வச்ச புயல்கூடக் கிடையாது. குமரிக் கடல் பக்கம் மேலே நின்ற ஒரு காத்துச் சுழற்சி, அவ்வளவுதான். 18-ஆம் தேதி காலை எட்டரை மணிக்கு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர். திருச்செந்தூரில் 69, ஸ்ரீவைகுண்டத்தில் 62, கோவில்பட்டியில் 53. நம்ம மாவட்டத்தில் ஒரு வருஷம் முழுக்கப் பெய்கிற மழையைக் காயல்பட்டினம் ஒரே நாளில் பார்த்துவிட்டது. செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றது. ஏறக்குறைய 800 பயணிகள் வெள்ளத்துக்கு நடுவில். அந்த ரயில் நின்றது நாட்டுக்கே தெரிந்தது. டி.வி.யில் வந்தது, ஹெலிகாப்டர் வந்தது. நல்ல விஷயம்தான், உயிர் பிழைச்சாங்க.

ஆனா அதே ராத்திரி ஆத்தங்கரை ஊர்களில் மாடு மிதந்தது யாருக்குத் தெரிந்தது? டிரான்ஸ்பார்மர் தண்ணிக்குள்ளே முங்கியது யாருக்குத் தெரிந்தது? கரண்ட் போச்சு. கரண்ட் போனதும் செல்போன் டவர் போச்சு. கையில் இருந்த போனில் சார்ஜ் போச்சு. கஷ்டம் எங்கே அதிகமோ, அங்கே இருந்துதான் ஒரு வார்த்தையும் வெளியே வரவில்லை. வெளியே இருக்கிறவங்களுக்கு அது எப்படித் தெரியும்? "அந்த ஊரில் இருந்து புகார் ஒண்ணும் வரலையே, பரவாயில்லை போல" என்றுதான் தெரியும். பேச முடியாத ஊரைப் பிரச்சினை இல்லாத ஊராக எழுதிக்கொள்கிற ஆபத்து இது. அண்ணாச்சிமாரே, இன்னைக்கு நான் பேச வந்த விஷயமே இதுதான்.

பயிர்க் காப்பீட்டையும் இதோடு சேர்த்துப் பாருங்க. பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் நம்ம வயலில் மட்டும் வெள்ளம் புகுந்து அழிவு என்று கேட்டால், 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்கணும். மூணு நாள். போனும் ரோடும் செத்துக் கிடக்கிற மூணு நாளில் எங்கே போய்த் தெரிவிக்க? மரத்தில் ஏறிக் கத்தவா?

பெரிய புயலை விடுங்க. 1964-ல் தனுஷ்கோடியை அழித்த புயல், 1992 நவம்பரில் தூத்துக்குடிப் பக்கம் கரையேறிய புயல், 2017-ல் ஒக்கி, 2018-ல் கஜா. இதெல்லாம் பேர் சொல்லி நினைவு வைக்கிற புயல்கள். கஜாவில் டெல்டா பக்கம் விழுந்த மின்கம்பங்கள் மட்டும் லட்சத்துக்கும் மேலே. ஆனா நம்ம வாழையையும் வெத்திலைக் கொடியையும் வருஷா வருஷம் வாட்டுகிறது பேர் இல்லாத காத்தும் இடியும்தானே?

ஆடிக் காத்து வீசுது. கம்பி தொய்ந்து கிடக்கிற இடத்தில் ஒண்ணோடு ஒண்ணு உரசுது, பொறி பறக்குது, பீஸ் போகுது. பனைமரத்துப் பக்கம் லைன் போனா ஒரு காய்ந்த மட்டை விழுந்தாலே போதும், அந்தப் பக்கம் முழுக்க இருட்டு. சித்திரை வைகாசியில் கோடை இடி. ஐப்பசி கார்த்திகையில் மறுபடி இடி, மழை. கரிசல் மண் ஊறிக் கம்பம் சாயுது. கடலோரத்தில் இன்னொரு தொல்லை. உப்புக் காத்து இன்சுலேட்டர் மேலே உப்பாகப் படிந்துவிடும். வெயிலில் ஒண்ணும் ஆகாது. ராத்திரிப் பனியோ தூத்தலோ பட்டால் அந்த உப்பு ஈரமாகி, அது வழியே கரண்ட் பாய்ந்து லைன் அடிபடும். மழையே இல்லாத ராத்திரி திடீரென்று கரண்ட் போறதுக்கு இதுவும் ஒரு காரணம்.

இதில் பெரிய கொடுமை என்ன? மின்சாரம் பிறக்கிற மண் இது! 1979-ல் இருந்து இங்கே அனல் மின் நிலையம். ஒவ்வொன்றும் 210 மெகாவாட் என்று ஐந்து யூனிட் கட்டினாங்க. 2015-ல் 500 மெகாவாட் வீதம் ரெண்டு யூனிட் கொண்ட இன்னொரு நிலையமும் வந்தது. தமிழ்நாட்டின் முதல் காற்றாலைப் பண்ணை 1986-ல் நம்ம முள்ளக்காட்டில்தான் நின்றது. கயத்தாறுப் பக்கம் போனா திரும்பின பக்கமெல்லாம் காத்தாடி. கம்பி நம்ம தலைக்கு மேலேதான் போகுது. நம்ம மோட்டார் மட்டும் நிக்குது!

ஏன் நிக்குது என்று கேட்டால் ஆயிரம் காரணம் இருக்கு. ஆனா அது நின்ற கணக்கு ஏன் எங்கேயும் இல்லை? அதுக்கு ஒரு காரணத்தை நான் சொல்லுறேன்.

நமக்கு இலவச மின்சாரம். சும்மா வந்ததில்லை. 1970-லும் 1972-லும் கோவைப் பக்கம் விவசாயிகள் மின்கட்டணத்துக்காகப் போராடித் துப்பாக்கிச் சூட்டில் செத்திருக்காங்க. மாட்டு வண்டியைக் கொண்டு போய்க் கோவை நகரத்தையே மறித்த காலம் அது. அந்தப் போராட்டத்தை நடத்திய நாராயணசாமி நாயுடு 1984 டிசம்பரில் கண் மூடியது நம்ம கோவில்பட்டியில். 1990-ல் எல்லா விவசாயிக்கும் இலவசம் என்று வந்தது. 2003-ல் பறித்தாங்க. 2004-ல் திருப்பிக் கொடுத்தாங்க. அதனால் பெரும்பாலான பம்புசெட்டுக்கு மீட்டர் கிடையாது. மீட்டர் வைக்கவும் நாம விடமாட்டோம், அது வேற பேச்சு.

ஆனா ஒண்ணு யோசிங்க. ஒரு ஆலையில் ஒரு மணி நேரம் கரண்ட் போனா மீட்டரில் தெரியும், பில்லில் தெரியும், முதலாளி போட்ட சத்தத்தில் தெரியும். நம்ம மோட்டார் ஒன்பது நாள் நின்றாலும் ஒரு தாளிலும் தெரியாது. எரிந்ததுக்கும் கணக்கில்லை, எரியாததுக்கும் கணக்கில்லை. அந்தக் கணக்கை நாமதான் எழுதணும்.

என் கதையைச் சொல்லுறேன். இதில் ஆபீசைக் குறை சொல்ல வரவில்லை, என்னைத்தான் சொல்லப் போறேன்.

ஒரு சித்திரை மாசம். வாழை குலை தள்ளுகிற நேரம். சாயங்காலம் காத்தும் இடியும். மழை நாலு துளி. படீரென்று ஒரு சத்தம், எங்க டிரான்ஸ்பார்மர் போச்சு. அதில் இருபத்திரண்டு பம்புசெட்டு. மறுநாள் வரும் என்று பார்த்தோம், வரலை. அடுத்த நாளும் வரலை. டீக்கடையில் உட்கார்ந்து "கேட்க ஆளில்லாத நாடு" என்று நல்லாத் திட்டினோம். அஞ்சாம் நாள் நாலு பேர் கோபமாப் பிரிவு அலுவலகத்துக்குப் போனோம். அங்கே இருந்தவர் நோட்டைத் திருப்பிக் காட்டினார். எங்க டிரான்ஸ்பார்மர் பேரில் ஒரு புகார்கூட இல்லை.

இருபத்திரண்டு பேர்! ஒவ்வொருத்தனும் அடுத்தவன் சொல்லியிருப்பான் என்று இருந்திருக்கோம். அதுக்குப் பிறகு மாத்து டிரான்ஸ்பார்மர் வந்து சேர இன்னும் நாலு நாள். மொத்தம் ஒன்பது நாள். அந்த நாலு நாளுக்கு நாம யாரையும் கேட்கலாம். முதல் அஞ்சு நாளுக்கு யாரைக் கேட்க?

எனக்குக் காய் சிறுத்தது, அதோடு போச்சு. பக்கத்தில் ஒரு அக்கா, குத்தகைக்கு எடுத்து, நகையை அடகு வைத்து ஐந்நூறு வாழை போட்டிருந்தாங்க. வெட்டின தாரை வியாபாரி தூக்கிப் பார்த்துவிட்டுப் பாதி விலைதான் சொன்னார். அந்த அக்கா என்னைப் பார்த்து ஒரே வார்த்தைதான் சொன்னாங்க: "நீங்க சொல்லியிருப்பீங்கன்னுல்லா நினைச்சேன் அண்ணாச்சி." இன்னைக்கு வரைக்கும் அந்த வார்த்தை என்னை விடலை.

நம்ம கடலில் முத்துக் குளிப்பு நடந்த காலத்தில், 1961-ல்தான் கடைசி, குளிக்கிறவர் அடியில் இருப்பார், மேலே படகில் ஒருத்தர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு இருப்பார். கீழே இருந்து கயிறு அசைந்தால் மேலே இழுக்கணும். கயிறு பிடிக்கிறவர் எவ்வளவு நல்லவரா இருந்தாலும், கீழே இருக்கிறவர் அசைக்கணும்லா? அசைத்த பிறகும் இழுக்கவில்லை என்றால் அது வேற கேஸ், அதை நாம விடக்கூடாது.

அதுக்குச் சட்டம் இருக்கு. 2003 மின்சாரச் சட்டம், பிரிவு 57. மின்சாரம் கொடுக்கிற நிறுவனம் எந்தத் தரத்தில் கொடுக்கணும் என்று ஒழுங்குமுறை ஆணையம் வகுக்கணும். தவறினால் நுகர்வோருக்கு இழப்பீடு. தமிழ்நாட்டு ஆணையம் 2004-லேயே விதி போட்டிருக்கு. பீஸ் போனா எவ்வளவு நேரத்தில் சரி செய்யணும், டிரான்ஸ்பார்மர் போனா எவ்வளவு நேரத்தில் மாத்தணும் என்று காலக்கெடு இருக்கு. பிரிவு 42-ன்படி குறைதீர்க்கும் மன்றம் இருக்கு, அதுக்கு மேலே மின்குறைதீர்ப்பாளர் இருக்கார். பலகையில் வாரியம் என்று எழுதியிருந்தாலும் கழகம் என்று எழுதியிருந்தாலும் கடமை ஒண்ணுதான்.

"புயல், வெள்ளம் வந்தால் அந்தக் காலக்கெடு பொருந்தாது" என்று சொல்லுவாங்க. விதியில் அப்படி இருக்கு, நியாயமும்கூட. லைன்மேனும் நம்ம வீட்டுப் பிள்ளைதான். இடி இடிக்கும்போது கம்பத்தில் ஏறு என்று யாரும் சொல்லவில்லை. ஆனா காத்து எப்ப நின்றது? தண்ணி எப்ப வடிந்தது? அதுக்கப்புறம் எத்தனை நாள் ஆச்சு? புயலின் மேலே எத்தனை நாளைத்தான் எழுதுவீங்க? இதைக் கேட்க நம்ம கையில் தேதியும் நேரமும் வேணும். சும்மா "ரொம்ப நாளாக் கரண்ட் இல்லை சார்" என்றால் எந்த மன்றத்திலும் நிக்காது. பிரயாஸ் என்று புனேயில் ஒரு அமைப்பு, நாட்டின் பல ஊர்களில் வீட்டுக்குள்ளே ஒரு சின்னக் கருவியை மாட்டி, கரண்ட் எப்ப இருந்தது எப்ப போனது என்று நிமிஷக் கணக்கில் பதிந்து வெளியே வைத்தாங்க. நமக்குக் கருவி வேண்டாம். நாற்பது பக்க நோட்டும் பேனாவும் போதும்.

அதனால் சங்கத்தின் முடிவைச் சொல்லுறேன், நல்லாக் கேட்டுக்கிடுங்க.

டிரான்ஸ்பார்மருக்கு ஒரு நோட்டு. அதுக்கு ரெண்டு பேர் பொறுப்பு. ஒருத்தர் வெளியூர் போனா இன்னொருத்தர். ரெண்டில் ஒருத்தர் தாய்மார்களா இருந்தால் ரொம்ப நல்லது. தோட்டத்தில் அதிக நேரம் நிக்கிறது அவங்கதான்.

நோட்டில் எழுத வேண்டியது: டிரான்ஸ்பார்மரில் பெயிண்டில் எழுதியிருக்கிற எண். கரண்ட் போன தேதி, மணி. முழுசாப் போச்சா, ஒரு பேஸ் மட்டும் போச்சா, லோ வோல்டேஜா. அப்ப காத்தா, இடியா, மழையா, ஒண்ணும் இல்லையா. யார் எத்தனை மணிக்குப் புகார் சொன்னது, அவங்க கொடுத்த புகார் எண் என்ன. திரும்ப வந்த தேதி, மணி. மோட்டார் காயில் கருகினதா, எத்தனை பேருக்கு, காயில் கட்ட எவ்வளவு ஆச்சு. இவ்வளவுதான். கதை எழுத வேண்டாம்.

புகாரை வாயால் சொல்லிவிட்டு வராதீங்க. மின்னகம் 94987 94987. மாநிலம் முழுக்க ஒரே எண். மின் இணைப்பு எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு கூப்பிடுங்க. புகார் எண் வாங்காமல் போனை வைக்காதீங்க. வெள்ளம், புயல் என்றால் கலெக்டர் ஆபீஸ் கட்டுப்பாட்டு அறை 1077. லைன்மேனிடமும் சொல்லுங்க, வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனா லைன்மேன் காதில் விழுந்தது கணக்கில் ஏறாது.

கம்பி அறுந்து கிடந்தால் முதல் வேலை புகார் இல்லை. முதல் வேலை ஆடு, மாடு, பிள்ளைகளை அந்தப் பக்கம் விடாமல் ஒரு ஆள் தள்ளி நின்று காவல் இருக்கிறது. "கரண்ட் இல்லாத கம்பிதானே" என்று கம்பை வைத்துத் தள்ளப் போகாதீங்க. எப்ப உயிர் வரும் என்று தெரியாது. ஈரத் தரையில் பக்கத்தில் போனாலே இழுத்துவிடும். பீஸ் கட்டையை நாமே பிடுங்கிப் போடுகிற வீரமும் வேண்டாம். அந்த வீரத்தால் தாலி அறுந்த வீடு நம்ம பக்கத்தில் எத்தனை என்று உங்களுக்கே தெரியும்.

போனே இல்லை, ரோடும் இல்லை என்றால்? அதுதான் நம்ம பதினோராம் எண் கூண்டு. கோவில் மணியோ, மாதா கோவில் மணியோ, பள்ளிவாசலோ, ஊரில் எது இருக்கோ, அங்கே எல்லாரும் கூடணும். நீச்சலும் வழியும் தெரிந்த ரெண்டு பேர், தண்ணி அனுமதிக்கிற நேரம் பார்த்து, மேட்டு ஊருக்குப் போய் மூணு செய்தி சொல்லணும்: எத்தனை பேர் மாட்டியிருக்கோம், கரண்ட் எப்ப போச்சு, எந்தப் பயிர் எவ்வளவு முங்கியிருக்கு. இந்த ஆட்களை வெள்ளம் வந்த பிறகு தேடக்கூடாது. புரட்டாசியிலேயே பேர் எழுதி வைக்கணும்.

இது நம்ம வேலை. அரசாங்கத்தின் வேலை என்ன? இதோ நம்ம கோரிக்கைகள்:

1. எந்தப் பழுதை எத்தனை மணி நேரத்தில் சரி செய்யணும், தவறினால் என்ன இழப்பீடு என்கிற பட்டியலைத் தமிழில் பெரிய எழுத்தில் ஒவ்வொரு பிரிவு அலுவலக வாசலிலும் எழுதி வை!

2. விவசாய டிரான்ஸ்பார்மர் வாரியாக மின்தடைக் கணக்கு எடு! மாதம்தோறும் கலெக்டர் நடத்துகிற விவசாயிகள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் அதை வாசி! எங்க நோட்டோடு ஒத்துப் பார்ப்போம்.

3. ஆடிக்கு முன்னால் ஒரு தடவை, ஐப்பசிக்கு முன்னால் ஒரு தடவை லைனை ஒட்டிய கிளையை, காய்ந்த பனை மட்டையை வெட்டு! தொய்ந்த கம்பியை இழுத்துக் கட்டு! சாய்ந்த கம்பத்தை நிமிர்த்து! கடலோர லைனில் உப்புப் படிந்த இன்சுலேட்டரைக் கழுவு!

4. 2023 வெள்ளம் எவ்வளவு ஏறியது என்று சுவர்களில் கறை இருக்கு. அந்த மட்டத்துக்கு மேலே டிரான்ஸ்பார்மர் மேடையை உயர்த்து!

5. காலியாகக் கிடக்கிற லைன்மேன் இடங்களை நிரப்பு! கையுறையும் பெல்ட்டும் இல்லாமல் அவங்களைக் கம்பத்தில் ஏற்றாதே!

6. தொடர்பு அறுந்த ஊருக்குக் காப்பீட்டின் 72 மணி நேரத்தைத் தொடர்பு திரும்பிய நேரத்தில் இருந்து எண்ணு! புகார் வராத ஊருக்கு முதலில் ஆள் அனுப்பு!

பெருமக்களே, புயலை நிறுத்த நம்மால் முடியாது. இடியைக் கட்டிப்போட முடியாது. அது வந்து போன பிறகு நம்ம தோட்டம் எத்தனை நாள் இருட்டில் கிடந்தது என்று எழுதி வைக்க முடியும். மூணு மாசம் எழுதுங்க. எல்லா நோட்டையும் ஒண்ணாக் கட்டிக் கலெக்டர் மேசையில் கொண்டு போய் வைப்போம். அன்னைக்கு "புகார் வரலையே" என்று ஒருத்தரும் சொல்ல முடியாது. அதுக்கும் பதில் வரவில்லை என்றால் மாட்டு வண்டி பூட்டத் தெரிந்தவங்கதான் நாம!

கூட்டம் முடிந்ததும் அப்படியே கலைந்து போயிராதீங்க. வாசலில் நோட்டு வைத்திருக்கு. உங்க டிரான்ஸ்பார்மர் எண்ணைச் சொல்லி, ரெண்டு பேர் பெயரை எழுதிவிட்டு எடுத்துட்டுப் போங்க.

அடுத்தவன் சொல்லியிருப்பான் என்று இருக்காதீங்க!

எழுதுவோம்! கேட்போம்! ஒன்றாய் நிற்போம்!